பப் எடுப்பதென்றால்: சுவர் யாருடையது, பீப்பாய் யாருடையது?

மாசி மாதக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் வந்து நான்கு கடதாசிக் கட்டுகளை எங்கள் சாப்பாட்டு மேசையில் போட்டார். பதினான்கு வருடமாக இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் ஓஃப் லைசென்ஸ் கடை (மதுவை வீட்டுக்கு வாங்கிப்போகும் கடை) நடத்தியவர். கடையை விற்கப் பேச்சு முடிந்துவிட்டது, கையில் ஒன்றரை இலட்சம் பவுண் வரும். "அத்தான், ஒரு பப் எடுப்பம் எண்டு பாக்கிறன். நீங்கள் ஒருக்கா கணக்குப் பாருங்கோ" என்றார். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். பப் கணக்கும் இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் வாயில் வந்தது "வேண்டாம்" என்ற சொல்தான். பக்கத்தில் அவருடைய மனைவி இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

கட்டுகளில் இருந்தவை இவை. ஒரு பெரிய பப் கம்பனியின் ஐந்து வருட வாடகை ஒப்பந்தம், பியரை அவர்களிடமே வாங்க வேண்டும். இன்னொரு கம்பனியின் 'நீங்கள் நடத்துங்கள், விற்பனையில் பங்கு தருகிறோம்' ஒப்பந்தம். மூடிக் கிடக்கும் ஒரு பப், அறுதியாக வாங்க 320,000 பவுண். கடைசியாக, ஊர்ச்சனங்கள் சேர்ந்து வாங்கி வைத்திருக்கும் ஒரு கிராமத்துப் பப். அதை நடத்த ஆள் தேடுகிறார்கள்.

நான்கையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமென்பதற்காக, எல்லாமே ஒரே அளவு பப் என்று எடுத்துக்கொண்டேன். வற் (VAT) வரி நீக்கி வருட விற்பனை 260,000 பவுண். வாரம் 9 பீப்பாய் பியர், ஒரு பீப்பாய் 88 பைன்ட். கீழே வரும் தொகைகள் எங்கள் மேசைக் கணக்கு. உங்கள் பப்புக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

பலகை மாறவில்லை, முதலாளி மாறிவிட்டார்

இங்கிலாந்தில் பப் வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்தால் நூறு வருடமாக ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். உள்ளே உறுதிப்பத்திரத்தில் பெயர் எத்தனை தடவை மாறியிருக்கிறது என்பது வேறு கதை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஒப்பந்தத்தையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் பியர் காய்ச்சிய கம்பனிகளே பெரும்பாலான பப்களையும் வைத்திருந்தன. ஆறு பெரிய கம்பனிகளின் கை ஓங்கியிருந்தது. இது போட்டியைக் கெடுக்கிறது என்று 1989இல் அரசு ஒரு கட்டளை போட்டது. இரண்டாயிரம் பப்களுக்கு மேல் வைத்திருக்கும் பியர் கம்பனி, அந்த மிகுதியில் பாதியை, 'என் பியரையே வாங்க வேண்டும்' என்ற கட்டிலிருந்து (tie) விடுவிக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் பியர் கம்பனிகள் பப்களை மொத்தமாக விற்றன, வாங்கியவை பியரே காய்ச்சாத புதிய கம்பனிகள். பியர் காய்ச்சாதவனுக்கு இரண்டாயிரம் என்ற வரம்பு கிடையாது! எண்டர்பிரைஸ், பஞ்ச் என்று இரண்டு கம்பனிகள் கடன் வாங்கி வாங்கி, 2000களின் நடுவில் தலா எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பப்களைச் சேர்த்துவிட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பிறகு 2007இல் புகைத்தல் தடை வந்தது, அடுத்த வருடம் வங்கி நெருக்கடி. கடன் கழுத்தை நெரித்தது. பஞ்சின் பப்களை 2017இல் ஹைனெக்கென் என்ற பியர் கம்பனியும் ஒரு முதலீட்டு நிறுவனமும் பிரித்து எடுத்தன. மிச்சமிருந்த பஞ்ச் 2021இல் ஃபோர்ட்ரெஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் போனது. எண்டர்பிரைஸை 2020இல் ஸ்டோன்கேட் வாங்கியது, அதன் பின்னால் இருப்பதும் ஒரு முதலீட்டு நிறுவனம்தான். கிரீன் கிங் என்ற பழைய பியர், பப் கம்பனி 2019இல் ஹொங்கொங்கின் லீ கா-ஷிங் குடும்பத்துக் கம்பனியின் கைக்குப் போனது. அதே வகையான ஃபுல்லர்ஸ் அந்த வருடமே பப்களை வைத்துக்கொண்டு பியர்ச் சாலையை ஜப்பானின் அசாஹிக்கு விற்றது. அப்படியே மார்ஸ்டன்ஸும் 2024இல் பியர்த் தொழிலில் தனக்கிருந்த பங்கைக் கார்ல்ஸ்பெர்க்கிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தது.

பப் நடத்துபவருக்கு இதில் என்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. பியர் காய்ச்சிய முதலாளிக்குத் தன் பியர் விலைப்பட வேண்டும், அதற்காகவாவது பப் திறந்திருக்க வேண்டும். முதலீட்டு நிறுவனத்துக்குப் பப் என்பது வாடகை தரும் காணி. வாடகை தராவிட்டால் விற்கலாம், வீடாக மாற்றலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மிக இனிமையானவராக இருப்பார். அவருடைய கம்பனியே இரண்டு வருடத்தில் வேறொருவர் கையில் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

ஈர வாடகை, உலர் வாடகை

முதல் கடதாசிக் கட்டுக்கு வருவோம். பியர்க் கட்டுள்ள வாடகை. நுழைய அதிகக் காசு வேண்டாம். வைப்புத்தொகை, சாமான்களின் விலை, கையிருப்புச் சரக்கு, அவ்வளவுதான். வருட வாடகை 18,000 என்று போட்டிருந்தார்கள். கட்டு இல்லாமல் அதே பப்பை எடுத்தால் 32,000 வரும் என்று கம்பனி ஆளே சொன்னார். "பாத்தியளே அத்தான், பதினாலாயிரம் மிச்சம்" என்றார் மச்சான்.

அந்தப் பப்பைப் பார்க்கப் போனோம். அப்போது அதை நடத்திக்கொண்டிருந்தவர் எங்களைக் கீழே நிலவறைக்குக் கூட்டிப்போனார். செங்குத்தான கல்படி. கீழே பன்னிரண்டு பாகைக் குளிர், ஈரக் கல்லும் புளித்த மாவும் சேர்ந்த மணம். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு குழாய் கிளம்பி, எல்லாம் ஒன்றாகத் தடித்த உறைக்குள் புகுந்து மேலே ஏறியது. ஏறுமுன் ஒவ்வொரு குழாயிலும் வயர் பூட்டிய சின்ன உருளை. மனிதர் அதை நகத்தால் தட்டினார். "இதைத் தாண்டி எவ்வளவு போனது என்று கம்பனிக்குத் தெரியும். நான் அவர்களிடம் எவ்வளவு வாங்கினேன் என்பதும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கடிதம் வரும்." ஒரு நத்தாருக்கு வெளியே இரண்டு பீப்பாய் மலிவாக வாங்கினாராம். கடிதம் வந்தது, தண்டப் பணமும் கட்டினார். வாரம் ஒரு தடவை குழாய் கழுவும்போது ஓடுகிற தண்ணீர் வேறு, பியர் வேறு என்று நிரூபிக்கவே தனியாக ஒரு கொப்பி வைத்திருந்தார்.

இந்தத் தொழிலில் சுவருக்குக் கொடுக்கும் வாடகை உலர் வாடகை, பீப்பாய்க்குச் சந்தை விலைக்கு மேல் கொடுப்பது ஈர வாடகை. உலர்ந்தது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். ஈரமானதை விலைப்பட்டியலைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பட்டியலையும் ஒரு மொத்த வியாபாரியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சராசரி ஒரு பீப்பாய்க்கு 60 பவுண் கூட.

இனிக் கணக்கு. வாரம் 9 பீப்பாய் என்றால் வருடம் 468. அறுபதால் பெருக்கினால் 28,080 பவுண். வாடகையில் 14,000 குறைத்துத் தந்துவிட்டு, பீப்பாயில் 28,080 எடுக்கிறார்கள். மச்சான் மிச்சம் என்று சொன்ன பதினாலாயிரம் உண்மையில் நட்டம்.

ஆனால் நேர்மையாகப் பார்த்தால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வாரம் நான்கு பீப்பாய்தான் போகிறது என்றால் ஈர வாடகை 12,480. அப்போது கட்டுள்ள வாடகைதான் மலிவு. எங்கள் எண்களில் சமநிலை வாரம் நாலரைப் பீப்பாயில் வந்தது. கட்டு என்பது வியாபாரத்தோடு ஏறி இறங்கும் வாடகை. விற்பனை விழுந்தால் அதுவும் விழும், விற்பனை ஏறினால் உங்கள் உழைப்பில் அதற்கும் பங்கு. பியரைவிடச் சாப்பாட்டில் உழைக்கப் போகிறவருக்கு இது மோசமில்லை, ஏனென்றால் உங்கள் கொத்துரொட்டிக்குக் கட்டு இல்லை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சராசரி ஆள் ஒருவர் அந்தப் பப்பில் எவ்வளவு வியாபாரம் செய்வார் என்ற மதிப்பீட்டில்தான் வாடகை வைப்பார்கள். உங்கள் சமையலால் கூட்டம் கூடினால் அடுத்த வாடகை மீளாய்வில் அந்த 'சராசரி ஆள்' திடீரென நன்றாகச் சமைக்கத் தொடங்கிவிடுவார்.

சட்டப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. 2016இலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் பப் ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது. ஐந்நூறோ அதற்கு மேலோ கட்டுள்ள பப்களை வைத்திருக்கும் கம்பனிகளுக்கு அது பொருந்தும். வாடகை மீளாய்வு, ஒப்பந்தப் புதுப்பிப்பு போன்ற சில தருணங்களில், "கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன்" என்று கேட்கும் உரிமை வாடகைக்காரருக்குக் கிடைத்தது. இந்த விதியைக் கண்காணிக்கும் நடுவர் அலுவலகம் பல்லில்லாததும் அல்ல. கட்டை விட்டு வெளியேற விரும்பியவர்களிடம் தன் பியரை அளவுக்கு மிஞ்சித் திணித்ததற்காக, 2020இல் ஹைனெக்கெனின் பப் பிரிவுக்கு 20 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. ஆனால் ஒப்பந்தம் குறுகியதாக இருந்தால் அந்த மீளாய்வுத் தருணமே வராமல் போகலாம். மச்சானுக்கு வந்தது ஐந்து வருடம், முடிவில் புதுப்பிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகத்தோடு. அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு அவரிடம் கொடுத்தேன். கூரைத் திருத்தமும் வாடகைக்காரர் தலையில் என்ற வரிக்கு இரண்டு கோடு.

காசில்லாமல் நுழையலாம், காசில்லாமல் வெளியேறலாம்

இரண்டாவது கட்டில் நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. பப் கம்பனிகள் இப்போது மிகவும் விரும்புவது இந்த முறையைத்தான். சில ஆயிரம் பவுண் வைப்புத்தொகையோடு நுழையலாம். சரக்கு, மின்சாரம், கட்டட வரி எல்லாம் கம்பனி பொறுப்பு. உங்களுக்கு விற்பனையில் ஒரு பங்கு. எங்களுக்குச் சொன்னது 20 சதவீதம். அதிலிருந்து ஆட்களுக்குச் சம்பளம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

260,000இல் 20 சதவீதம் 52,000. கேட்க நன்றாக இருக்கிறது. உங்களைத் தவிர வாரம் 60 மணி நேர வேலைக்கு ஆள் வேண்டும் என்று வைப்போம். 2026 ஏப்ரலிலிருந்து ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.71 பவுண். வருடம் 39,655. விடுமுறைச் சம்பளம் சேர்த்தால் 44,000ஐத் தாண்டும். மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு அளவில், மாடியில் குடியிருக்க இடமும். கணவன் மனைவி இருவரும் கவுண்டரில் நின்றால் ஆள் வேலை பாதியாகும், அப்போது இருவருக்கும் சேர்த்து முப்பதாயிரம் தேறும். கடையில் இருவரும் உழைத்த உழைப்புக்கு அதைவிட நன்றாகவே வந்தது.

இன்னொரு விஷயம், விலையைக் கம்பனி வைக்கும், உணவுப்பட்டியலையும் பல இடங்களில் அதுவே வைக்கும். அங்கே மச்சானின் மனைவியின் மட்டன் ரோல்ஸுக்கு இடமில்லை. பப் தொழிலே தெரியாத இளம் ஆள் ஒரு வருடம் நின்று, பீப்பாய் மாற்றவும் குடித்துவிட்டுக் கத்துபவரைச் சமாளிக்கவும் பழகுவதற்கு நல்ல இடம். சம்பளத்தோடு தொழிற்பயிற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது வயதில், ஒன்றரை இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிற இடமல்ல.

அறுதியாக வாங்கினால்

எங்கள் ஆட்களுக்குச் சொந்தம் என்ற சொல்லில் ஒரு மயக்கம். எனக்கும் உண்டு. மூன்றாவது கட்டைக் கடைசியாக எடுக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன், ஆனால் எல்லோர் கண்ணும் அதிலேயே இருந்தது.

விலை 320,000. மாடியில் வீடு இருப்பதால் முத்திரை வரி கலப்புச் சொத்துக்குரிய விகிதத்தில் வரும், அதன்படி 5,500. வங்கி 60 சதவீதம் தந்தால் கடன் 192,000. எட்டு சதவீத வட்டி, பதினைந்து வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 1,835 பவுண், வருடம் 22,000. கட்டில்லாத வாடகை 32,000 என்றோமே, அதைவிட இது குறைவு. பதினைந்து வருடம் கழித்துச் சுவரும் உங்களுடையது. பீப்பாயை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். காகிதத்தில் இதுதான் வெற்றி.

காகிதத்தை விட்டு வெளியே வந்தால், முதலில் கேட்க வேண்டியது அது ஏன் மூடிக் கிடக்கிறது என்பது. பிறகு உறுதியை வழக்கறிஞர் வரி வரியாகப் படிக்க வேண்டும். சில கம்பனிகள் பப்பை விற்கும்போது, இனி இங்கே பப் நடத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து விற்றிருக்கின்றன, பக்கத்துத் தெருவிலிருக்கும் தங்கள் இன்னொரு பப்புக்குப் போட்டி வராமலிருக்க. மூடிக் கிடந்த வருடங்களில் கூரைக்கும் குழாய்களுக்கும் என்ன நடந்தது என்று கட்டடப் பரிசோதகர் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த பப்பில் சமையலறைப் புகைபோக்கி 1980களில் பூட்டியதுபோல இருந்தது. அதை மாற்ற, நிலவறைக் குளிரூட்டியை மாற்ற, உள்ளே வர்ணம் பூச எல்லாம் சேர்த்து 45,000 கேட்டார்கள். 128,000 முன்பணம், முத்திரை வரி, இது. ஒன்றரை இலட்சம் ஏற்கெனவே முடிந்து, மேலே 28,500 தேட வேண்டும். முதல் பீப்பாய் வாங்கக் காசில்லை.

'பப் வேண்டாமென்றால் வீடாக மாற்றி விற்கலாம்' என்று ஒரு நண்பர் சொன்னார். 2017இலிருந்து இங்கிலாந்தில் பப்பை வேறு எதுவாக மாற்றவும் திட்டமிடல் அனுமதி வேண்டும். ஊர் எதிர்த்தால் லேசில் கிடைக்காது. அதை நம்பி வாங்கக் கூடாது.

ஊரே முதலாளியானால்

யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணை பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான்காவது கட்டு அந்நியமாக இருக்காது. தவறணை என்ற சொல்லே ஐரோப்பியர் விட்டுப்போனது. ஒரு காலத்தில் ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் கையில் இருந்த தவறணைகளைப் பிறகு சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்து நடத்தின. இங்கிலாந்துக் கிராமங்கள் அதே இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரேயொரு வித்தியாசம், அங்கே சேர்ந்தவர்கள் இறக்குபவர்கள், இங்கே குடிப்பவர்கள்.

கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தின் ஓல்ட் கிரௌன் பப்பை 2003இல் ஊரவர் கூட்டுறவாக வாங்கினார்கள். வட யோர்க்ஷையரில் ஹட்ஸ்வெல் கிராமத்து ஜோர்ஜ் அண்ட் டிராகன் பப் 2008இல் மூடப்பட்டது. 2010இல் ஊரவர் பங்கு சேர்த்து வாங்கித் திறந்தார்கள். சின்ன நூலகம், கடை, தோட்டத் துண்டுகள் எல்லாம் அதோடு சேர்ந்தன. 2016க்கான பிரிட்டனின் சிறந்த பப் விருதும் அதற்கே கிடைத்தது. கிராமம்தான் என்றில்லை, தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை 2013இல் 371 பங்குதாரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் அதற்கு வழி விட்டது. ஊருக்கு வேண்டிய சொத்து என்று பதிந்துவிட்டால், விற்பனையை ஆறு மாதம் நிறுத்திவைத்து ஊரவர் காசு சேர்க்கலாம். இப்படி ஊர் வாங்கிய பப்கள் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டன, மூடப்பட்டவை மிகக் குறைவு. இதற்கு உதவிய 15 கோடி பவுண் அரசு நிதியை 2024 கடைசியில் மூடிவிட்டார்கள் என்பதால், இனிப் புதிதாக வாங்கப்போகும் ஊர்களுக்குத்தான் சிரமம். ஏற்கெனவே வாங்கிய ஊருக்குத் தேவை நல்ல வாடகைக்காரர்.

எங்களுக்கு வந்த ஒப்பந்தம்: வருட வாடகை 24,000, கட்டு இல்லை, பத்து வருடம், மூன்றாம் வருடத்தில் வெளியேறும் வழி. கூரையும் வெளிச்சுவரும் சங்கத்தின் பொறுப்பு. கட்டுள்ள பப்பில் உலர்ந்ததும் ஈரமும் சேர்த்து 46,080 போகும். இங்கே 24,000 மட்டும். வித்தியாசம் 22,080, அதாவது ஒரு ஆளின் சம்பளம்.

குறை இல்லாமலில்லை. சங்கத்தில் 210 பேர் பங்குதாரர்கள். அத்தனை பேரும் உங்கள் வீட்டுக்காரர்கள், அதிலும் உங்கள் கவுண்டரில் உட்கார்ந்து குடிக்கும் வீட்டுக்காரர்கள். பியர் விலை பத்துப் பென்ஸ் ஏறினால் பொதுக்கூட்டத்தில் கேள்வி வரும். பீப்பாய்க்குள்ளேயே முதிரும் பியர் (cask ale) இரண்டு வகையாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பியரைத் திறந்தால் மூன்று நாளில் விற்றாக வேண்டும், இல்லையென்றால் தொட்டியில் ஊற்ற வேண்டியதுதான். பிறகு, எவ்வளவு நன்றாக நடத்தினாலும் சொத்தின் விலை ஏறுவது சங்கத்துக்கு. உங்களுக்கு அல்ல.

எந்த முதலாளியும் காப்பாற்றாத செலவுகள்

நான்கு கட்டிலும் பொதுவான தலையிடி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் 60,000க்கு மேல் பப்கள் இருந்தன, இப்போது 45,000 அளவில்தான். இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் 2024இல் நானூறுக்கு மேல் மறைந்தன. காரணம் ஒன்றல்ல. சூப்பர் மார்க்கெட்டில் பியர் மலிவு, வீட்டில் பெரிய டிவி, இளையவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். (மச்சானின் கடையில் பியர் வாங்கியவர்களும் ஒருவகையில் பப்புக்குப் போகாதவர்கள்தான். அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.)

அரசு பக்கத்திலிருந்து 2025 ஏப்ரலில் மூன்று ஒன்றாக வந்தன. கட்டட வரிச் சலுகை 75 சதவீதத்திலிருந்து 40 ஆனது, அதாவது 10,000 பவுண் வரியில் 2,500 கட்டியவர் 6,000 கட்டினார். ஆட்களின் சம்பளத்தின்மேல் முதலாளி கட்டும் தேசிய காப்புறுதி 13.8இலிருந்து 15 சதவீதமானது, தொடங்கும் எல்லை 9,100இலிருந்து 5,000க்கு இறங்கியது. வருடம் 15,000 சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆள் ஒருவருக்கு 814 பவுண் கட்டியது 1,500 ஆகிவிட்டது. ஆகக் குறைந்த சம்பளமும் ஏறியது. சின்ன பப்புக்கு ஒரு ஆறுதல், காப்புறுதியில் முதல் 10,500 பவுணைக் கழிக்கலாம். மச்சானைப் போல இரண்டு மூன்று பேரை வைத்திருப்பவருக்கு அது முழுவதையும் மூடிவிடும். அடி விழுவது முப்பது பேரை வைத்திருப்பவருக்கு. 2026இல் அந்தக் கட்டட வரிச் சலுகையும் போய்விட்டது. பப்காரர்கள் போட்ட சத்தத்தில் ஜனவரியில் அரசு பப்களுக்கும் இசை அரங்குகளுக்கும் 15 சதவீதக் கழிவு அறிவித்தது. பப்பின் கட்டட வரி நிலப்பரப்பைப் பார்த்து வருவதில்லை, வியாபாரத்தைப் பார்த்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நன்றாக நடத்தினால் அதுவும் ஏறும்.

அப்போ எதை நம்பிப் போவது? சமையலறையைத்தான். ஸ்மெத்விக், வெஸ்ட் பிரொம்விச் பக்கம் பஞ்சாபியர்கள் நடத்தும் பப்களுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்மெத்விக் ஒரு காலத்தில் நிறத்தைப் பார்த்து ஊற்ற மறுத்த ஊர், 1965இல் அங்கே வந்த அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸுக்கே ஒரு பப்பில் மறுத்தார்கள். இன்று அங்கே கரி அடுப்பில் சுடும் இறைச்சிக்காகவே வெள்ளைக்காரர் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதற்காக எங்கள் சனம் கூட இருக்கும் இடமென்றால் ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பியர் ஊற்றிய சவுத்தோல் கிளாசி ஜங்ஷன் பப் 2012இல் மூடப்பட்டு, தென்னிந்திய சைவ உணவகமாகிவிட்டது. பியரைத் தோசை வென்றது.

என் வாக்கு

முதல் கட்டை மச்சானுக்கு வேண்டாமென்றேன். பியர் அதிகம் விலைப்படாத, சாப்பாடு ஓடக்கூடிய இடமாக இருந்து, ஒப்பந்தமும் நீண்டதாக இருந்தால் மறுபடி கொண்டுவாருங்கள் என்றேன். இரண்டாவதை மடித்து வைத்தோம். மூன்றாவதுக்கு அவர் மனம் இன்னும் ஏங்குகிறது. ஐம்பதாயிரம் கூட இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கையிருப்பை முழுதாகச் சுவரில் பூசிவிட்டு முதல் மழைக்காலத்தைத் தாண்ட முடியாது.

நான்காவதுதான். மூன்று வருடம் நடத்திப் பார்க்கட்டும். ஒன்றரை இலட்சத்தில் முப்பதாயிரம் போட்டால் போதும், மிச்சம் வங்கியில் இருக்கும். தொழில் பிடித்தால் மூன்றாம் வருடம் சொந்தமாக ஒன்றைப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வெளியே வரலாம். "மற்ற மூண்டிலயும் வெளிய வாற கதவு சின்னன்" என்று மச்சானின் மனைவி சொன்னார். கணக்குப் படித்த நான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கையெழுத்து வைக்கும் முன் ஒரு வேலை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எந்தப் பப்பும் நிறைந்துதான் இருக்கும், செவ்வாய்க்கிழமை மழையில் போய்த் தலை எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று. மூன்று செவ்வாய் போனார். பதினொன்று, பதினாறு, ஒன்பது. ஒன்பது பேர் இருந்த இரவிலும் எட்டு பேர் ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று கேட்டார்களாம்.

சங்கத்துக் குழு நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கொத்துரொட்டி பற்றி அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை, வெள்ளிக்கிழமைகளில் வைக்கலாம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, ஞாயிறு மதியம் ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) இருக்குமா? "இருக்கும்" என்று மச்சான் யோசிக்காமல் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் யாரும் அதுவரை ரோஸ்ட் சமைத்ததில்லை. முதல் ஞாயிறு அதோடு வைக்கும் யோர்க்ஷையர் புடிங் பொங்கவேயில்லை, பழைய பணியாரம் மாதிரிக் கிடந்தது. இரண்டாம் ஞாயிறு ஒரு பக்கம் பொங்கியது. வருகிற ஞாயிறு குழுத் தலைவி சாப்பிட வருகிறார், எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.